சாமித்தட்டில் இருந்த புடலை விதை

போன கிழமை இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் ஒரு பிழை. பஸ் நிற்கும் இடத்தை மாற்றி எழுதிவிட்டேன் என்று ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்துச் சொன்னது. சொன்னது நல்லதாய்ப் போயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். என் எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். நடந்தது நினைவிருக்கும், எந்த வருடம் நடந்தது என்பது நிற்காது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இந்த முறை ஒரு மழை நாளிலிருந்து தொடங்குகிறேன்.

சமைத்துக்கொண்டு நின்று குசினி யன்னலால் பார்க்கிறேன். பின்வளவில் இவர் குந்தியிருக்கிறார். ஒரு கையில் கறுப்புக் குடை. மறு கையால் மண்ணை மெல்லக் கிளறிக் கிளறிப் பார்க்கிறார். ஆக்லாந்தில் எங்கள் ஒனிஹங்காவில் ஆடி மாத மழை உங்களுக்குத் தெரியும். மேலே இருந்து விழாது, துறைமுகப் பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும். குடை தலைக்கு மட்டும்தான். முதுகு ஊறிப்போய்விட்டது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். மகன் எங்களை இங்கே கூப்பிட்ட பிறகு இவருக்கு ரயிலும் இல்லை, மணியும் இல்லை. மிஞ்சியது பஞ்சாங்கம் ஒன்றுதான்.

நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

"இஞ்சருங்கோ, இந்த மழைக்கை அங்கை என்ன தேடுறியள்?"

"முளைச்சிட்டுதோ எண்டு பாக்கிறன்."

"எது?"

"புடலை."

"எந்தப் புடலை?"

"நீர் சாமித்தட்டிலை வைச்சிருந்ததுதான். போன கிழமை நீரும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்கு நல்ல நேரம் வந்தது. பிந்தாமல் எல்லாத்தையும் போட்டிட்டன்."

உள்ளே போய்ச் சாமித்தட்டைப் பார்த்தேன். பிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பா வைத்த இடத்தில் இருந்தது. மூடியும் ஒழுங்காக மூடியிருந்தது. எடுத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. ஒரு கிழமையாக நான் வெறும் டப்பாவுக்குப் பூ வைத்து விளக்கேற்றி இருக்கிறேன்.

அதற்குள் இருந்தவை அடுத்த வீட்டு மேரியம்மாவின் விதைகள். அவரிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவை மண்ணுக்குள் அழுகிப் போனால் அந்தப் புடலை அதோடு சரி.

பக்கத்து வீட்டில் ஒருவர்

மேரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மலேசியாவில் ஈப்போப் பக்கம் பிறந்தவர். எங்களுக்கு எத்தனையோ வருடம் முன்பே இங்கே வந்துவிட்டார். கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். நல்ல உயரம், நல்ல குரல். நான் ஆள் முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுகிறவள். வேலிக்கு அந்தப் பக்கத்தில் யாரும் நின்றால் உடுப்புக் காயப் போடாமல் உள்ளே போய்விடுவேன். அவர் விடவில்லை.

"என்னா அக்கா, என்னைப் பாத்தா புலி மாதிரியா இருக்கு? பசியாறியாச்சா?"

அப்படித்தான் தொடங்கியது.

அவருடைய வீட்டுக்காரர் இறந்து கொஞ்சக் காலம். அந்த மனிதர் கடைசியாகப் போட்ட கொடி புடலை. பின்வளவில் மரச் சட்டம் அடித்து, பிளாஸ்டிக் போர்த்து, ஒரு கூடாரம் கட்டி அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார். அவர் போன பிறகு மேரியம்மா வருடா வருடம் அந்தக் கொடியிலேயே ஒரு காயை முற்ற விட்டு, விதை எடுத்து, அடுத்த வருடம் போடுவார். அந்த வருடம் கோடை சரியில்லை. ஒரு காய்தான் முற்றிப் பழுத்தது. அந்த ஒரு காயின் விதைதான் டப்பாவுக்குள் இருந்தது.

குளிர் காலத்தில் மேரியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று நாள் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்து ஹென்டர்சனில் மகள் வீட்டில் நிற்க வேண்டும். வசந்தத்துக்குள் நடப்பாரோ தெரியாது. போகிற அன்று டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"அக்டோபர் வரைக்கும் இதைத் தொடாதீங்க அக்கா. நான் நடக்க முடியலன்னா நீங்க போடுங்க. ஒரு வருஷம் விட்டா அடுத்த வருஷம் முளைக்குமோ என்னமோ."

வீட்டில் ஆகப் பத்திரமான இடம் எது? சாமித்தட்டில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் விதைக்கப் போகிற விதையைத்தான் சாமிக்கு முன்னால் வைத்து எடுப்பது. அதை நான் யோசிக்கவில்லை. இவர் வேறெதையும் யோசிக்கவில்லை.

ஆடி மாதமும் ஆக்லாந்தும்

இவரைக் குறை சொல்லி என்ன? அதற்கு முந்திய வருடம், வந்த புதிதில், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஆடியில் விதைத்தோம். வெண்டி, பயிற்றை, கத்தரி, எல்லாம் கடையில் வாங்கிய பைக்கற்று விதை. ஆடி பிறந்தால் கை சும்மா இராது. சின்ன வயதிலிருந்தே பழகிய கை. இங்கே ஆடி என்றால் நடுக் குளிர் என்பது தோலுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

பஞ்சாங்கத்தில் இருந்த நல்ல நேரம் ஊர் நேரம். இவர் அதற்கு மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் பார்த்தார். கூட்டி முடிய இங்கே இருட்டிவிட்டது. நான் டோர்ச் பிடிக்க இவர் விதைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மேரியம்மா வெளிச்சத்தைக் கண்டு வந்துவிட்டார்.

"என்னா மாஸ்டர், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"விதைக்கிறம்," என்றார் இவர்.

மேரியம்மா வேலிக்கு மேலால் எட்டி மண்ணைப் பார்த்தார். பிறகு, "கம்பளி போத்தி விடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றும் முளைக்கவில்லை. இவர் அதற்குக் குளிரைக் காரணம் சொல்லவில்லை. கணக்கில் அரை மணித்தியாலம் விட்டுப்போயிற்று, நேரம் பிசகிவிட்டது என்றார். இந்த வருடம் கணக்குச் சரி, நல்ல நேரமும் பகலில் வந்தது. பின்னே ஏன் விடுவார்?

குளிரில் தோட்டம் செய்கிறவர்

மேரியம்மாவிடம் எனக்குப் பிடித்தது அவர் காத்திருக்கிற விதம்.

நான் காத்திருந்தால் யன்னலடியில் நின்று பெருமூச்சு விடுவேன். அவர் றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிடுவார். பழைய சட்டிகளை வாளித் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். பால் போத்தல்களை வெட்டி நாற்றுச் சட்டி செய்வார். மண்வெட்டிக்கு எண்ணெய் பூசித் துடைத்து வைப்பார், நகை துடைக்கிறது போல.

ஒருநாள் காலை வளவெல்லாம் உறைபனி வெள்ளை பூத்துக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க அக்கா. கையை உள்ள விடுங்க."

இலை தழை, தேயிலைச் சக்கை, புல்லு எல்லாம் போட்ட எருக் குவியல். நான் அருவருத்தேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். உள்ளே நல்ல சூடு. ஆவி வந்தது. இந்த நாட்டுக்கு வந்து கை விறைக்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

அந்தக் கூடாரத்துக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடிப்போம். பிளாஸ்டிக்கின் மேல் மழை அரிசி கொட்டுகிற மாதிரிக் கொட்டும். உள்ளே ஒன்றும் இராது, வெறும் மண். அவர் அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "இங்க தக்காளி, இங்க மிளகா, இங்க என் வீட்டுக்காரர் கொடி," என்று கையைக் காட்டுவார். நானும் பார்ப்பேன். உண்மையில் கொஞ்சம் தெரிகிற மாதிரித்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவருடைய விதையை நாங்கள் சேற்றில் போட்டிருந்தோம்.

அரிதட்டும் சுடுதண்ணீர் அலுமாரியும்

சரி, அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

நான் இவரை ஏசவில்லை. டப்பாவைக் கொண்டுபோய் இவர் கண்ணுக்கு முன்னால் திறந்து காட்டி, விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் குடையை மடக்கினார். மழை தலையில் விழ விழ நின்றார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருக்கலாம்," என்றேன் நானும்.

இடியப்ப மா அரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு விஷயத்தில் கடவுள் கைவிடவில்லை. இவர் எதையும் தண்டவாளம் போட்ட மாதிரித்தான் செய்வார். நேர்க் கோடு, ஒரே இடைவெளி, தலைக்கும் வாலுக்கும் தடி குத்தி அடையாளம். அதனால் எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. இவர் கையால் தோண்டித் தோண்டித் தர, நான் அரிதட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினேன்.

முதல் எடுத்தது விரல் பட்டதும் அழுகி நசிந்தது. மணத்தது. அடுத்ததும் அப்படியே. இவர் விடாமல் தோண்டினார். ஓரத்தில், சுவர்ப் பக்கம் தண்ணீர் நில்லாத இடத்தில் கிடந்த கொஞ்சம்தான் கெட்டியாக இருந்தன. உள்ளங்கையில் வைத்தால் கை நிறையவில்லை.

பயறு முளைக்கப் போடுகிற மாதிரி ஈரத் துணியில் முடிந்தேன். வைக்கச் சூடான இடம் வேண்டும். இங்கத்தைய வீடுகளில் சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கிற அலுமாரி ஒன்று இருக்குமே, குளித்துத் துடைக்கிற துவாய் காய வைப்பது, அதற்குள் தாங்கியோடு ஒட்டி வைத்தேன்.

மருமகள் ராஜி வேலையால் வந்து அலுமாரியைத் திறந்தாள்.

"மாமி, திரும்பவும் பயறோ? போன முறை துவாயெல்லாம் மணத்தது. ஒபிஸிலை மூக்கைச் சுழிச்சு என்னை மணந்து பாக்கினம்."

"பயறில்லை பிள்ளை," என்று சொல்லத் தொடங்கி நான் அழுதுவிட்டேன். அவள் பதறிப்போய் எல்லாம் கேட்டாள். பிறகு துவாய் முழுவதையும் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். அந்த அலுமாரி விதைக்கு மட்டும் என்று ஆயிற்று.

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. மேரியம்மா. ஆஸ்பத்திரியால் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

"அக்கா, என் விதைங்க நல்லா தூங்குதா?"

எனக்குப் பொய் சொல்லவும் வராது, மெய் சொல்லவும் வராது. இரண்டு நிமிடம் மூக்கை உறிஞ்சிவிட்டு நடந்ததைச் சொன்னேன். அழுகினதையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது இதைத்தான். "மாஸ்டர் ரொம்ப நனைஞ்சிட்டாரா?"

"ஓம். நல்லா நனைஞ்சு போனார்."

"அப்ப முதல்ல அவருக்கு சுடுதண்ணி வைங்க அக்கா. வயசான மனுசன், சளி பிடிச்சுக்கும். விதையை அப்புறம் பாத்துக்கலாம்லா."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல் கூடக் கடிந்து சொல்லவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு அவர் மகள்தான் சொன்னாள், அன்றைக்கு அம்மா போனை வைத்துவிட்டுச் சாப்பிட வரவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார் என்று.

வண்டி வருது, விலகுங்கோ

எத்தனை நாள் போயிற்றோ, ஒரு காலை துணியை விரித்தேன். ஒரு விதையின் ஓரம் வெடித்து, பால்பல் முளைத்த மாதிரி வெள்ளையாக ஒரு முனை. நான் கத்திய கத்தலில் இவர் சவர்க்கார முகத்தோடு ஓடி வந்தார்.

மூன்று முளைத்தன. ஒன்று பிறகு வாடிப்போனது. மிஞ்சியவை இரண்டு. மேரியம்மாவின் பால் போத்தல் சட்டியில் வைத்தோம்.

இனித்தான் பெரிய வேலை. வெளியே இன்னும் குளிர். அக்டோபர் வரும் மட்டும் இவற்றை வீட்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டும். இங்கே வெயில் வடக்குப் பக்கத்தால் போகும், அதுவும் குளிர் காலத்தில் அளந்து அளந்துதான் தரும். காலையில் குசினி யன்னல், மத்தியானம் முன் அறை, பின்னேரம் எங்கள் படுக்கை அறை. இவர் ஒரு தட்டத்தில் சட்டிகளை வைத்து, வெயிலோடு வெயிலாகக் கொண்டுபோவார். வெயில் நகர முதலே அங்கே போய் நிற்பார்.

"விலகுங்கோ, விலகுங்கோ, வண்டி வருது!"

ஊரை விட்ட பிறகு இவர் அப்படிக் குரல் எடுத்து நான் கேட்டதில்லை. மகன் கூட, "அப்பாவுக்குத் திரும்ப உத்தியோகம் கிடைச்சிட்டுது," என்று பகிடி பண்ணினான்.

வேறு ஒன்றும் நடக்கவில்லை அந்த நாட்களில். ஆனால் ஒன்றும் நடக்காத நாள் என்று ஒன்றைக் கூட என்னால் சொல்ல முடியாது. இன்று ஒரு இலை விரிந்தது. இன்று தண்டில் மயிர் தெரிகிறது. தெருக்கோடியில் கோவாய் மரம் இலையில்லாமல் மஞ்சளாய்ப் பூத்தது, எங்கள் கொன்றையின் தங்கச்சி போல. கழுத்தில் வெள்ளைக் குஞ்சம் கட்டிய டூயி குருவி வந்து தலைகீழாய்த் தொங்கித் தேன் குடித்தது. நான் மேரியம்மாவின் வளவுக்குப் போய் எருக் குவியலுக்குள் கையை விட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். பின்னேரம் அவருக்குப் போன். கூச்சப்பட்டு ஆரோடும் கதைக்காத நான் ஒரு இலையைப் பற்றி மணிக்கணக்காய்க் கதைத்தேன்.

"எவ்வளவு உயரம் அக்கா?"

"என்ரை சாண் அளவு."

"உங்க சாண் சின்ன சாண். மாஸ்டர் கையால அளந்து சொல்லுங்க."

ராஜியின் திரை

புடலைக்கு வீடு என்றும் வெளி என்றும் தெரியாது. சுருள் விட்டுப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. முன் அறையில் ராஜி ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட லேஸ் திரை. இரண்டு நாள் மழை என்று இவர் சட்டிகளை அங்கேயே விட்டிருந்தார். பார்த்தால் கொடி திரையின் ஓட்டைக்குள்ளால் புகுந்து புகுந்து பாதி உயரம் ஏறிவிட்டது.

லேபர் வீக்கென்ட் வந்தது. இங்கே எல்லாரும் தக்காளி நடுகிற லீவு நாள். எங்கள் கணக்கில் ஐப்பசி. மேரியம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கொடியைத் திரையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு சுருளை மெல்ல இழுத்தேன். தண்டு வளைந்து முறியப் பார்த்தது. இவர், "கை எடும், கை எடும்," என்று கத்தினார்.

ராஜி உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். நான் கொடியைத்தான் வெட்டப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கதிரையில் ஏறி, திரையை வெட்டினாள். சுருள் பிடித்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தாள்.

"பிள்ளை, புதுத் திரையெல்லே!"

"திரை கடையிலை இருக்கு மாமி," என்றாள்.

மேரியம்மா மகளின் காரிலிருந்து இறங்கினார். மெலிந்து, ஊன்றுகோலோடு. வீட்டுக்குள் போகவில்லை, நேரே கூடாரத்துக்குத்தான் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளித்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருத்தினோம்.

இவர் தட்டத்தோடு வந்தார். இந்த முறை சத்தம் போடவில்லை. லேஸ் துண்டுகள் தொங்கத் தொங்க இரண்டு கொடியையும் அவர் முன்னால் இறக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிக்க வேணும்," என்றார். இவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மேரியம்மா ஒரு இலையை விரலால் தொட்டார். பிறகு லேஸைத் தொட்டார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாயில் சிரிப்பு.

"என் வீட்டுக்காரர் வெறும் கயித்துல ஏத்திவிட்டாரு மாஸ்டர். நீங்க கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டுக் கொண்டாந்திருக்கீங்க."

லேஸை அகற்ற அவர் விடவில்லை. அப்படியே நட்டோம்.

கடைசியாக ஒரு கல்

கோடையில் காய்த்தது. எங்கள் பக்கத்தில் புடலம் பிஞ்சின் நுனியில் கல் கட்டுவது வழக்கம், நேராய் நீளும். இவர் ஒனிஹங்காப் பழைய மதிலில் விழுந்து கிடந்த கறுப்புக் கல் ஒன்றைக் கட்டினார். அது எரிமலைக் கல், உடம்பெல்லாம் ஓட்டை, பஞ்சு மாதிரிக் கனம் இல்லாதது. காய் கல்லையும் தூக்கிக்கொண்டு கேள்விக்குறி மாதிரிச் சுருண்டது. மேரியம்மா சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது.

நேராய் வந்த காய்களைச் சமைத்தோம். அந்தக் கோணல் காயைத்தான் அவர் விதைக்கு விட்டார்.

பிறகு வருடா வருடம் அந்த விதை பலருக்குப் போயிற்று. ஹென்டர்சனுக்கு, தகனினிக்கு, பெயர் தெரியாத வீடுகளுக்கும். மேரியம்மா இப்போது மகளோடுதான் இருக்கிறார். பார்வை மங்கல். வாசிக்க முடியாது. மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

என் நினைவு பிசகியிருக்கலாம். கல்லைக் கட்டியது மேரியம்மாதான், தான் இல்லை என்று இவர் இப்போது சாதிக்கிறார். முளைத்தது மூன்றா நாலா என்பதும் எனக்கு ஐமிச்சம். ஹென்டர்சன் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதை மேரியம்மாவுக்கு வாசித்துக் காட்டி, சரியா பிழையா என்று கேட்டுச் சொல்லுங்கள். விதை அழுகின இடத்தை மெதுவாக வாசியுங்கள். முதலில் அவருக்குச் சுடுதண்ணீர் வையுங்கள் என்று சொன்னாரே, அந்த இடத்தைக் கொஞ்சம் உரத்து வாசியுங்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.